பதினோரு சட்டை, பன்னிரண்டு பேர்

நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லி ஊருக்குத் தெரிவதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். ஐந்து வருஷம் ஒரு பெண் என் கண்ணெதிரே கோல் அடித்தாள். வெயிலில் அடித்தாள், மழையில் அடித்தாள், எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து சாம்பல் பறந்து வந்து கண்ணில் விழும்போதும் அடித்தாள். ஒவ்வொரு முறையும் நான் பெஞ்சை விட்டு எழுந்து குதித்தேன். ஒருமுறை குதித்ததில் செருப்பு அறுந்துபோனது, இன்னொரு முறை குதித்ததில் பெஞ்சே உடைந்துபோய்விட்டது. குதித்து முடித்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அந்தக் கோலை வேறொரு பெண்ணின் பெயரில் எழுதினேன். அந்த வேறொரு பெண் என் கூடப்பிறந்த தங்கை.

இதில் சூது எதுவும் இல்லை. சூது செய்வதற்குக் கொஞ்சம் மூளை வேண்டும்.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி எழுதுவது வேலை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, அஞ்சு. இதைத் தவிர வேறு கணிதம் எனக்குத் தேவைப்பட்டதில்லை. மூட்டையின் மேல் குத்தியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும், அடுத்த மூட்டைக்குப் போக வேண்டும். யார் தூக்குகிறார், யார் இறக்குகிறார், அவருக்கு மூக்கு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் டேலி கிளார்க்குக்கு வேண்டாத விஷயம். இருபது வருஷம் இப்படி எண்ணியவனைக் கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தினாலும் வருகிறவர்களை எண்ணுவானே தவிர யார் வந்தார்கள் என்று சொல்ல மாட்டான். என் மனைவியைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வாள்.

தங்கை ஆடிய பெண்கள் கால்பந்துக் குழுவை அப்போது குழு என்று அவர்களைத் தவிர வேறு யாரும் சொல்லவில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர், வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து நான்கு பேர், திருவொற்றியூரிலிருந்து மீதிப்பேர், ஆகப் பன்னிரண்டு பெண்கள். ஆடிய இடம் திருவொற்றியூரில் கடலுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே கிடந்த ஒரு பொட்டல். துறைமுக வரிசையில் நிற்கும் லாரிக்காரர்கள் அலுத்துப்போய் வண்டியை அங்கே திருப்பி நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் கோல் கம்பத்துக்கு நேர் முன்னால் ஒரு டிரெய்லர் நின்றது. நான் வழக்கம்போலச் சமாதானமாக, மைதானத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமே என்றேன். யாரும் என்னை மதிக்கவில்லை. அவர்களில் நீளப் பின்னல் வைத்த வியாசர்பாடிப் பெண் பந்தை எடுத்து லாரியின் கதவில் நேராக ஒன்று வைத்தாள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "யம்மா, கண்ணாடி ஒடஞ்சிடப் போவுது."

"ஒடஞ்சா ஒடையட்டும். கண்ணாடி மேல அவ்ளோ பாசம்னா கோல் போஸ்ட்டாண்ட இன்னாத்துக்கு வுட்ட?"

"பொம்பளப் புள்ளைங்க ஆடறதுக்கு எடமா இல்ல? பீச்சாண்ட போய் ஆடறது."

"ஆம்பள லாரி வுடறதுக்கு ரோடா இல்ல? ரோட்டாண்ட போய் வுடறது."

அவள் இரண்டாவது பந்தைக் குறி பார்ப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது. அந்தப் பெண்தான் இந்தக் கதையின் நாயகி. இவ்வளவு பேச்சுப் பேசிய ஒருத்தியை ஒரு மனுஷன் கணக்கில் எழுத மறந்தான் என்றால் அவனை என்ன சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னை எழுத உட்கார வைத்தது தங்கை. பெண்கள் ஆட்டத்தின் முடிவைப் போட்டி நடத்துகிறவர்களே எழுதி வைக்காத காலம். கோப்பையைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் கேட்டால் யாருக்குக் கொடுத்தோம் என்று யோசிப்பார்கள். "எழுதலன்னா நாங்க ஆடவே இல்லன்னுடுவானுங்க. நீ எண்றதுக்குச் சம்பளம் வாங்கறவன். வந்து குந்து, எண்ணு" என்றாள். வந்தேன், குந்தினேன், எண்ணினேன். துறைமுகத்தில் எழுதுகிற நீள நோட்டில் கட்டம் போட்டு, எதிரணி, இடம், எந்தப் பாதி, எத்தனையாவது நிமிஷம், சட்டை எண் என்று எழுதினேன். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதற்குக்கூட ஒரு கட்டம் வைத்திருந்தேன். ஓர் எதிரணிப் பெண்ணுக்குப் பல்வலி என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். அது எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது என் மடத்தனத்துக்கு வருகிறேன். பெண்கள் பன்னிரண்டு பேர், சட்டை பதினொன்று. யானைக்கவுனியில் ஒரு கடையில் ஒரு செட் வாங்கியதோடு சரி. பன்னிரண்டாவது ஆள் அந்தப் பின்னல்காரி. என் தங்கைக்கு இளைப்பு உண்டு. மணலி ஆலைகளின் பக்கத்துக் காற்று அடிக்கிற நாளில் அரை ஆட்டத்துக்குமேல் ஓட முடியாது, நெஞ்சு விசிலடிக்கும். கோட்டருகே வந்து பத்தாம் எண் சட்டையைக் கழற்றி, பிழிந்து, பின்னல்காரியிடம் நீட்டுவாள். அவள் அதை டி-ஷர்ட்டின் மேல் மாட்டிக்கொண்டு ஓடுவாள். நடுவருக்கும் ஆட்சேபம் இல்லை. நான் அதை முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தேன், மனதுக்குள் கூட்டிக் கழித்தேன்: பத்து வெளியே போனது, பத்து உள்ளே வந்தது. கணக்கில் மாற்றம் இல்லை. நோட்டில் பத்தாம் எண்ணுக்கு எதிரே தங்கையின் பெயர் ஏற்கெனவே இருந்தது. அதனால் பத்து அடித்த எல்லாமே தங்கை அடித்தது.

டேலி புத்தகத்தில் இது ரொம்பச் சரி.

பின்னல்காரி ஐந்து வருஷம் ஆடினாள். பிறகு கல்யாணமாகி மணலி புதுநகருக்குப் போய்விட்டாள். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் தங்கையும் ஆடுவதை நிறுத்திப் பயிற்சி தர ஆரம்பித்தாள். அதன்பின் ஒரு கம்பெனி வந்து குழுவை எடுத்துக்கொண்டது. தொழில்முறை லீக்கில் சேர்த்தது. பொட்டலுக்கு வேலி வந்தது, புல் வந்தது, ஆளுக்கு மூன்று சட்டை வந்தது, வாட்ச்மேன் வந்தார், மேனேஜர் வந்தார். மேனேஜர் நல்ல மனிதர், பேசும்போது லேப்டாப்பைப் பார்த்துப் பேசுவார். குழுவின் பழைய சாதனைகளை வாசல் சுவரில் பெரிதாக எழுதப்போவதாகச் சொன்னார். என்னிடம் நோட்டுகள் இருக்கின்றன என்று தெரிந்ததும் ஆளே மாறிப்போனார். ஐந்து நோட்டையும் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிலுக்கு 'புள்ளிவிவர அலுவலர்' என்று பின்னிய ஒரு தொப்பி கொடுத்தார்கள். நான் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கத் தயங்குவார் என்று எதிர்பார்த்தேன். தயங்கவில்லை.

சுவர் திறந்த அன்று பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பெரிய நீல எழுத்து. 'குழுவுக்காக அதிகக் கோல்கள்', அதன் கீழே என் தங்கையின் பெயர், பக்கத்தில் நாற்பத்தொன்று. இன்னும் கீழே அதிக ஆட்டங்கள், அதிக வெற்றிகள், எல்லாம் என் நோட்டிலிருந்து எடுத்தவை. கடைசியில் 'நன்றி' என்று தலைப்பிட்டு என் பெயரும் வாட்ச்மேன் பெயரும். தங்கைக்குக் கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, செக்யூரிட்டி சீருடையில் ஒரு பெண் வேலியைத் தாண்டி என்னை நோக்கி வந்தாள். கனத்த ஷூ, தோளில் பட்டை, இடுப்பு வரை பின்னல். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியாமல் பின்னலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டவள்.

"இன்னாணா, ஷோக்கா கீற. தொப்பிலாம் போட்டுகினு."

"கம்பெனி குட்த்துது. நீ எப்டிமா கீற?"

"நைட் டூட்டி முட்ச்சிட்டு நேரா வர்றேன். கன்டெய்னர் யார்டுல கேட் செக்யூரிட்டி. வண்டி நம்பரப் பாத்து எழுதி உள்ள வுடணும்."

"அட, என் வேலதான்."

"ஆமா. நான் டிரைவர் மூஞ்சையும் பாப்பேன்." சுவரின் பக்கம் தலையை அசைத்தாள். "செவுரு பாத்தேன்."

"எப்டி கீது?"

"நல்லா கீது. நான் எங்க கீறேன்?"

எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. அடுத்த விநாடி புரிந்தது. 

அவள் கத்தவில்லை. ஷூ முனையால் புல்லைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "கேட்டாண்ட வர்ற டிரைவருங்க கைல எத்தினி வருசமா சொல்லிக்கினு கீறேன், நான் இந்த டீமுக்கு ஆடுனவ, கோல் போட்டவன்னு. போன வாரம் ஒர்த்தன் இந்தாண்ட வந்தவன் செவுத்த ஃபோட்டோ புட்சிகினு வந்துட்டான். கேட்டாண்ட எல்லாரையும் நிக்க வச்சி மேலேந்து கீழ வரிக்கும் படிக்கிறான். படிச்சி முட்ச்சிட்டு, 'யக்கா, வாட்ச்மேன் பேருகூட கீது, உன் பேரு காணமே'ன்றான். இப்ப வர்றவன் போறவன் எல்லாம் 'கோல் அக்கா, கேட்டத் தொற'ன்றானுங்க. பொய் சொல்லினு திரிஞ்சவளாட்டம் நான் கேட்டத் தொறந்துனு கீறேன்."

"அது வந்து, சட்டை நம்பர் ஒண்ணா இருந்ததால…"

"உன் பேரு கீதுணா. உன் பேரு. நீ இன்னா கோல் அட்ச்ச?"

சங்கடம் வந்தால் ஜோக் அடிப்பது என் வியாதி. "கோபப்படாதமா, 'மற்றும் உதவியவர்கள்'னு ஒரு வரி சேத்துடலாம், வாட்ச்மேனுக்கு மேல போட்டுடறேன்" என்றேன்.

"உதவியா? கோல் போடறது உதவியா?" அவள் முகம் மாறியது. "எனுக்கு மாலையும் வேணாம், தொப்பியும் வேணாம். நான் அட்ச்சது என் பேர்ல வரணும். அவ்ளோதான்."

இதற்குள் தங்கை விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டாள் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டிப்பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கட்டிப்பிடிக்கவில்லை.

"அவ சொல்றது கரீட்டு. நோட்ட எட்த்துனு வா" என்றாள் தங்கை என்னிடம்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"செவுத்துல நாப்பத்தொண்ணுன்னு பாத்தப்பவே தெரியும். நான் அவ்ளோ அடிக்கலியே."

"சொல்றதுக்கு இன்னா?"

"கை தட்டினாங்க. நல்லா இருந்துச்சி." அவள் விசிலை விரலில் சுற்றினாள். "அதான் சொல்லல. நோட்ட எட்த்துனு வா."

துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் தரப்பில் ஒரு டேலி கிளார்க் எண்ணுவார், கரைத் தரப்பில் ஒருவர் எண்ணுவார். ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எந்த இறக்கத்தில் தவறியது, அப்போது மழையா வெயிலா, யார் டீ குடிக்கப் போனார் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சண்டை போட வேண்டும். அப்படியும் தீராததைத் தகராறு என்று தனியாக எழுத வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. தப்பான எண்ணின் குறுக்கே ஒரே ஒரு கோடு, பழைய எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், இரண்டு தரப்பின் கையெழுத்து. என் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே நீதிமன்றம் இதுதான். அதைச் சொன்னேன். இரண்டு பேரும் சரி என்றார்கள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து தங்கை வந்தாள், டூட்டி முடிந்து பின்னல்காரி வந்தாள். மைதானத்து ஓரத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் நடுவில் நோட்டை விரித்தேன். பயிற்சிக்கு வந்த பெண்கள் பயிற்சியை விட்டுச் சுற்றிலும் உட்கார்ந்துகொண்டார்கள்.

"பெரம்பூர் கிரவுண்டு. ரெண்டாவது பாதி, பத்தாவது நிமிஷம்" என்று படித்தேன்.

"நான்" என்றாள் தங்கை.

"நீயா? அன்னிக்கி நீ மருந்த இழுத்துகினு வேப்பமரத்தாண்ட குந்திகினு இருந்த. நான்தான். கோல்கீப்பரு காலு ரெண்டுக்கும் நடுவுல வுட்டேன். அவ அழுதுட்டா."

தங்கை யோசித்தாள். "ஆமா, அழுதா. நீதான். எழுது."

"எண்ணூர். முதல் பாதி, காற்று வடக்கிலிருந்து."

"அது இவ" என்றாள் பின்னல்காரி. "சாம்பலு கண்ணுல பூந்து கீப்பரு கண்ண கசக்கினு இருந்தா. இவ சைக்கிள் கேப்புல தள்ளிட்டா."

"தள்ளிட்டனா? இருவது அடி தூரத்துலேந்து அட்ச்சேன்."

"இருவதா? எட்டு."

"பன்னண்டு வச்சிக்க."

முதல் பாதியில் விழுந்தவை பெரும்பாலும் தங்கைக்குப் போயின, இரண்டாம் பாதியில் விழுந்தவை பெரும்பாலும் பின்னல்காரிக்கு. ஆனால் எதுவும் சும்மா போகவில்லை. ஒவ்வொரு கோலையும் எழுந்து நின்று மறுபடி அடித்துக் காட்டினார்கள். இடது காலா வலது காலா, பந்து யாரிடமிருந்து வந்தது, அடித்த பிறகு எந்தப் பக்கம் ஓடினார்கள், ஓடும்போது எந்த முட்டி உரசியது, எல்லாவற்றுக்கும் உடம்பில் சாட்சி இருந்தது. சீருடைப் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிப் பின்னல்காரி ஒரு தழும்பைக் காட்டினாள். அது ஒரு கோலுக்குப் போதுமான ஆதாரம் என்று சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தீர்ப்புச் சொன்னார்கள். என் நோட்டில் காற்றின் திசை இருந்தது. அவர்களிடம் மற்றதெல்லாம் இருந்தது.

இரண்டு கோல்களை இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொன்றை இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள்.

"இடுப்புல பட்டு போன கோலுணா அது. எனுக்கு வேணாம்" என்றாள் பின்னல்காரி.

"எனுக்கும் வேணாம். அசிங்கமா இருந்துச்சி" என்றாள் தங்கை.

"இடுப்புல பட்டாலும் கோல் கோல்தானே" என்றேன்.

"அப்ப நீ வச்சிக்க."

மூன்றையும் தகராறு என்று எழுதினேன்.

கடைசிப் பக்கத்தில் வியாசர்பாடி மைதானத்து இறுதி ஆட்டம் இருந்தது. அந்த ஒரே கோலில்தான் கோப்பை கிடைத்தது. அதற்காக நோட்டில் சிவப்பு மையில் கட்டம் கட்டி, 'வாழ்க' என்றுகூட எழுதியிருந்தேன். அந்தக் கோல் விழுந்த கணத்தை யாரோ படம் பிடித்தார்கள். பின்னாலிருந்து எடுத்த படம்: கை இரண்டும் மேலே, முதுகில் பத்து. அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் அம்மா மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் மகளைக் காட்டுவாள்.

நான் படித்தேன். "வியாசர்பாடி, இறுதி ஆட்டம், இரண்டாவது பாதி."

பின்னல்காரி தங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அது இவ" என்றாள் தங்கை.

"படத்துல…" என்றேன்.

"படத்துல பின்னல் கீது. இடுப்பு வரிக்கும். எனுக்கு அப்ப கிராப்பு."

நான் தினமும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் காபி குடிக்கிறேன். வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஐந்து பேருக்கும் கண் இருக்கிறது. அம்மா மட்டும் ஒருமுறை, "அப்ப எவ்ளோ முடி இருந்துச்சி, வெட்டி வீணாக்கிட்டியே" என்று தங்கையைத் திட்டியது இப்போது ஞாபகம் வந்தது. தங்கை அதற்கும் பதில் சொல்லாமல் திட்டை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"அந்த கோலுக்குக் குட்த்த பதக்கமும் என்னாண்ட கீது" என்றாள் தங்கை பின்னல்காரியிடம். "எட்த்துகினு வர்றேன்."

"பதக்கம் நீ வச்சிக்க. கோலக் குடு."

கூட்டிப் பார்த்தேன். தங்கைக்கு இருபத்திரண்டு, பின்னல்காரிக்குப் பதினாறு, தகராறு மூன்று. நாற்பத்தொன்று வந்துவிட்டது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சுவரில் மாற்றுவதுதான் மீதி என்று நினைத்தேன். அதுவும் என் மடத்தனங்களில் ஒன்று.

திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் மேனேஜர் அறைக்குப் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். லேப்டாப்பைப் பார்த்தபடியே சொன்னார். "புரியுது. ஆனா ஒரு வரியை மாத்தினா மத்த வரியையும் சந்தேகப்படுவாங்க சார். அதுவும் கையால எழுதின நோட்டு. பேசாம இப்படிப் பண்ணலாம். சாதனைக் கணக்கைத் தொழில்முறை சீசன்லேருந்து மட்டும் வெச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி ஆடினதை எடுத்துட்டு, 'ஆரம்ப நாட்கள்'னு அழகா ஒரு படம் போட்டுடலாம்."

"அப்ப அந்தக் கோலுங்க?" என்றாள் தங்கை.

"நினைவுகளா இருக்கும் மேடம்."

"நெனப்பா? கம்பம் இருந்துச்சி, வல இருந்துச்சி, பந்து வலைல பூந்துச்சி. நீங்க நெனப்புன்றீங்க."

"பதிவு முறையா இல்லையே."

"சட்ட இல்லாம ஆடனோம் சார்" என்றாள் பின்னல்காரி. "ஈரச் சட்டைய மாத்தி மாத்திப் போட்டுகினு ஆடனோம். உங்க வேலி இல்ல, உங்க புல்லு இல்ல. லாரி நடுவுல ஆடனோம். அதுலாம் கணக்குல வராதுன்னா, நீங்க வாங்கனது எந்த டீமு?"

மேனேஜர் முதல் தடவையாக லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்தார். ஆனாலும் முடிவை மாற்றவில்லை. யாராவது சுவரில் கை வைத்தால் மறுநாளே மொத்தச் சுவருக்கும் வெள்ளையடித்துவிடுவேன் என்றார். எனக்கும் ரோஷம் வந்தது. தொப்பியைக் கழற்றி அவர் மேசைமேல் வீசினேன். அது வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்து, தூசி தட்டி என்னிடம் நீட்டினார். பழக்க தோஷத்தில் நன்றி சொல்லி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் தங்கை என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் மைதானத்தில் லீக் ஆட்டம். பிற்பகல், ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு எண் எழுதுகிற கறுப்பு பெயின்ட்டில் ஒரு டப்பாவும் இரண்டு பிரஷ்ஷும் தங்கை கையில் இருந்தன. உப்புத்தண்ணியிலேயே கிடந்தாலும் போகாத பெயின்ட். ஏணியைப் பிடிக்கிற பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அதற்கு எண்ணத் தெரிய வேண்டியதில்லை.

தங்கை ஏறினாள். தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த நாற்பத்தொன்றின் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்தாள். பழைய எண் நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் இருபத்திரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு இறங்கினாள். பிரஷ்ஷை நீட்டினாள். பின்னல்காரி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். அவளுக்குப் பெயின்ட்டில் எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் தன் பெயரை நிதானமாக, ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் சாய்ந்து பார்த்துப் பார்த்து எழுதினாள். பதினாறு. அதன் கீழே தகராறு மூன்று. கையெழுத்து.

"நீயும் வா" என்றாள் தங்கை என்னைப் பார்த்து. "தப்பா எண்ணுனது யாருன்னு தெரிய வேணாமா?"

நான் ஏறினேன். ஏணியை இப்போது யாரும் பிடிக்கவில்லை என்பதை மேலே போன பிறகுதான் கவனித்தேன். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டே 'எண்ணியதில் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். எதற்கென்று பார்த்தால், மேனேஜர் அலுவலக வாசலிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். அவருக்கும் சுவருக்கும் நடுவில், அன்றைய ஆட்டத்துக்குச் சட்டை மாட்டித் தயாராக இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஃப்ரீ கிக்குக்கு நிற்பதுபோலத் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் அவரைத் தொடவில்லை.  அவர் இடதுபக்கம் போனால் வரிசையும் இடதுபக்கம் போனது.

"நாளைக்குக் காலையில பெயின்ட்டர் வருவான்" என்று வரிசைக்கு மேலாக என்னிடம் சொன்னார். ஏணி மேலே இருந்ததால் நான் கண்ணில் பட்டிருப்பேன். "மொத்தச் சுவரும் போயிடும்."

"நாள மறுநாள் நாங்க திருப்பி எழுதுவோம் சார்" என்றாள் தங்கை. "டப்பா நெறைய கீது."

அவர் போய்விட்டார். நான் ஒருவழியாக இறங்கினேன். பின்னல்காரி ஷூவை மாட்டிக்கொண்டு, லேஸைக் கட்டி, சீருடையின் பட்டையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு டூட்டிக்கு நேரமாகியிருந்தது. ஆனாலும் போகாமல் சுவரின் முன்னால் நின்று, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராக உதடசைத்துப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் நிற்கவில்லை. அதையும் மற்றப் பெயர்களைப்போலவே படித்துக் கடந்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலே போனாள்.

நான் போனை எடுத்தேன். "அப்டியே நில்லுமா, வெள்ளையடிக்கறதுக்குள்ள ஒரு ஃபோட்டோ எட்த்துக்கறேன். இந்த வாட்டி மூஞ்சி தெரியற மாதிரி."

அவள் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெள்ள அட்ச்சிப் பாக்கச் சொல்லு."